கிட் ஆம்ப் மக்கர் பண்ணுதா? அறிகுறியைச் சொல்லுங்க, வழியைச் சொல்லுதேன்

கிட் ஆம்ப் என்றால் உதிரியாக வாங்கி நாமே சால்டர் செய்து கட்டுகிற ஆம்ப்ளிஃபயர். என்னுடைய முதல் கிட், எல்.எம். 3886 என்ற ஆம்ப் ஐசி வைத்தது. அதில் ஃபியூஸ் நிற்கவே இல்லை. போட்டதும் போகும். ஐசி போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். மறுபடியும் போனது. இன்னொன்று மாற்றினேன். மூன்றாவதை வாங்க ஜங்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஐசியின் சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டையை, அதான் ஹீட் சிங்கை, சும்மா விரலால் தடவிப் பார்த்தேன். ஸ்க்ரூவுக்கு ஓட்டை போட்ட இடத்தில் அலுமினியப் பிசிறு ஒன்று, நொய்யரிசி அளவுகூட இருக்காது, ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே கரண்டு தாண்டாமல் இருக்கப் போடும் மைக்கா தாளைக் குத்திக்கொண்டு நின்றது. ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. ஹீட் சிங்க் பெட்டியோடு சேர்ந்தது. பிசிறு இரண்டையும் ஷார்ட் செய்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். கழற்றிப் போட்ட இரண்டு ஐசியும் இன்றைக்கும் வேறு ஒரு செட்டில் பாடிக்கொண்டிருக்கின்றன.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: ஐசியைக் கடைசியாகச் சந்தேகப்படு. கிட் ஆம்பில் வரும் கோளாறில் முக்காலே மூணு வீசம் கிரவுண்டு ஒயரில், காய்ந்த சால்டரில், மைக்காவில்தான் இருக்கும்.

பையனாக இருந்தபோது கல்லிடைக்குறிச்சியில் ஒரு ரேடியோ செட்காரரிடம் கூடமாட வேலை பார்த்தேன். கொடை (கோயில் திருவிழா) வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் இரைச்சல் யார் காதிலும் விழாது. மேளம், வெடி, ஆள் சத்தம். வீட்டு ஆம்ப் அப்படியில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, தெரு அடங்கினபிறகு, ஸ்பீக்கரிலிருந்து ஆறடி தள்ளி உட்காருகிறோம். மூச்சு விட்டால்கூடக் கேட்கும். அதனால் கொடைக்குப் போதுமான வேலை வீட்டுக்குப் போதாது.

கீழே சொல்வதெல்லாம் எல்.எம். 3886 ஸ்டீரியோ கிட்டை வைத்துத்தான். நேஷனல் செமிகண்டக்டர் செய்த ஐசி. 2011இல் அந்தக் கம்பெனியை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. டி.டி.ஏ. 7294 என்ற இன்னொரு ஆம்ப் ஐசி கிட் கட்டினவர்களுக்கும் கால் நம்பர், மியூட், ஐசியின் எல்லை எண்கள் இவற்றைத் தவிர மற்றது பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்குமுன் இரண்டு காரியம். ஒன்று, சீரியல் போர்டு. ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட். ஃபேஸ் (கரண்டு வரும்) ஒயரை வெட்டி நடுவில் 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், கிட் பிழைக்கும். இரண்டாவது, ஸ்விட்சை அணைத்தாலும் 10,000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரில் கரண்டு தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'படார்' என்று ஷார்ட் பண்ணும் பழக்கம் நம்மூரில் நிறையப் பேருக்கு உண்டு. 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நாலைந்து வினாடி வைத்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். இறங்கியதா என்று மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

"பல்பு பளிச்சுன்னு எரியுது, அணைய மாட்டேக்கு"

ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒருதரம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. கண்டன்சர் நிரம்புகிற வேகம் அது. எரிந்தது எரிந்தபடியே நின்றால் எங்கோ ஷார்ட்.

பின்னாலிருந்து முன்னால் கழற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் ஆம்ப் போர்டுகளுக்குப் போகும் டிசி ஒயர்களை எடுங்கள். பல்பு மங்கினால் குற்றம் போர்டில், பெரும்பாலும் மைக்காவில். ஐசியின் பேரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'டி' என்று முடிந்தால் முதுகில் உலோகத் தகடு இருக்கும். அது மைனஸ் சப்ளை. மைக்காவும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷரும் கட்டாயம். 'டி.எஃப்.' என்று முடிந்தால் முதுகும் பிளாஸ்டிக். மைக்கா வேண்டாம், ஹீட் சிங்க் பேஸ்ட் போதும். தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் மீட்டரை 'பீப்' நிலையில் வையுங்கள். கத்தினால் கழற்றி, ஓட்டையின் விளிம்பைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பிசிறை எடுத்துவிட்டுப் புது மைக்கா போடுங்கள்.

போர்டைக் கழற்றியும் பல்பு எரிந்தால் பவர் சப்ளை. ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு கட்டான பிரிட்ஜைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, மைனஸ் பக்கத்துக் கண்டன்சரைத் தலைகீழாகப் போடுவது. மைனஸ் சப்ளையில் கண்டன்சரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குத்தான் போக வேண்டும். கை பழக்கத்தில் பிளஸ் என்றால் சப்ளை என்று வைத்துவிடுவோம். அப்படி ஒருதரம் கரண்டு வாங்கின கண்டன்சரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தலை உப்பியிருக்காவிட்டாலும் சரி.

இனி ஒரு வினோதக் கேஸ். வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி பேசினார். "அண்ணாச்சி, மூடி இல்லாம நல்லாப் பாடுது. மூடியப் போட்டா பல்பு எரியுது." மூடியில் எதுவும் உரசுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். டிரான்ஸ்பார்மர் என்ன வகை என்றேன். வட்டம், டோராய்டு. நடுவில் போல்ட்டு எவ்வளவு நீளம் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. போல்ட்டின் தலை அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, நுனி மூடியைத் தொடுகிறது. பெட்டியும் போல்ட்டும் சேர்ந்து டோராய்டின் நடு ஓட்டை வழியாக ஒரு முழுச் சுற்று ஆகிவிட்டது. ஒரே ஒரு சுற்று, ஆனால் ஷார்ட்டான சுற்று. சீரியல் போர்டு இல்லாமல் போட்டிருந்தால் டிரான்ஸ்பார்மர் வெந்திருக்கும். போல்ட்டை அரை அங்குலம் அறுத்ததும் சரியானது.

வோல்டேஜ் சரியா?

இது அறிகுறி இல்லை. ஆனாலும் போர்டை இணைக்குமுன் பார்த்துவிட வேண்டியது. 22-0-22 டிரான்ஸ்பார்மர் (நடு ஒயரிலிருந்து பக்கத்துக்கு 22 வோல்ட் ஏசி) என்றால் டிசியில் பக்கத்துக்கு 30 முதல் 33 வோல்ட் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது அருமை. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 18-0-18 போதும். 28 வோல்டுக்கு மேல் போனால் ஐசிக்குத்தான் கஷ்டம்.

கடைக்காரர் "24-0-24 போடுங்க சார், சத்தம் தூக்கும்" என்பார். கணக்கைப் பாருங்கள். ஏசி டிசியாகும்போது 1.414 மடங்கு ஏறும்; 24ஐ 1.414ஆல் பெருக்கினால் 34. லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் ஏழெட்டு சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும், ஆக 36க்கு மேல். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நான் மீட்டர் வைத்துப் பார்த்த வரையில், பகலில் பம்புசெட் ஓடும்போது 200க்குக் கீழே கிடக்கும் லைன், ராத்திரி 250ஐத் தொடும். அப்போது டிசி 40க்குப் பக்கம் போய்விடும். இந்த ஐசி வேலை செய்யும் எல்லை பக்கத்துக்கு 42. பாட்டுக் கேட்கிற நேரமும் அந்த ராத்திரிதான்.

"ஒரு சத்தமும் வரமாட்டேக்கு"

பல்பு மங்கிவிட்டது, வோல்டேஜ் இருக்கிறது, பாட்டு இல்லை. முதலில் ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு (வெளியீட்டில் டிசி நின்றால் ஸ்பீக்கரைத் துண்டிப்பது) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆன் செய்து சில வினாடியில் ரிலே 'டிக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த போர்டுக்கு சப்ளை போகவில்லை, அல்லது ஆம்ப் வெளியீட்டில் டிசி நிற்கிறது. டிசி என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ரிலே சரி என்றால் 8ஆம் கால். இது மியூட், அதாவது சத்தத்தை அடக்கும் கால். பலருக்கும் இது தலைகீழாகப் புரிகிறது: சும்மா விட்டால் பாடும், எதையாவது கொடுத்தால் மியூட் ஆகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சும்மா விட்டால் ஊமை. அந்தக் காலிலிருந்து மைனஸ் சப்ளைக்குக் குறைந்தது அரை மில்லி ஆம்பியர் இழுத்தால்தான் வாய் திறக்கும். 30 வோல்டில், ஐசிக்குள் விழுவது போகக் கணக்குப் போட்டால் ரெசிஸ்டர் சுமார் 54 கிலோ ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. வோல்டேஜைக் குறைத்தால் ரெசிஸ்டரையும் குறைக்க வேண்டும். 30 வோல்டுக்குக் கணக்கிட்ட கிட்டை 18 வோல்டில் ஓட்டிவிட்டு "ஐசி டூப்ளிகேட்" என்று திட்டினவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது சால்டர். 1ஆம் காலும் 5ஆம் காலும் இரண்டும் பிளஸ் சப்ளை, 4 மைனஸ், 7 கிரவுண்டு. மீட்டரின் முள்ளை போர்டின் செம்பில் வைக்காமல் ஐசியின் காலிலேயே நேரடியாக வையுங்கள். செம்பில் 30 இருந்து காலில் இல்லை என்றால் காய்ந்த சால்டர். நல்ல சால்டர் பளபளவென்று காலோடு சரிந்து நிற்கும். காய்ந்தது மங்கலாக, உருண்டையாக, காலைச் சுற்றி முடி போல ஒரு வளையக் கோட்டோடு இருக்கும். பூதக்கண்ணாடியில் அந்தக் கோடு தெரியும். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

ஸ்பீக்கர் மாட்டுமுன்: வெளியீட்டில் டிசி

பாட்டு வந்துவிட்ட அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல், வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டிசி மில்லி வோல்ட் பாருங்கள். 20க்குள் இருந்தால் நிம்மதி. 50 வரை ஓட்டலாம். 100க்கு மேல் போனால் நிறுத்துங்கள். முழு 30 வோல்டும் நின்றால், வெளியீட்டிலிருந்து இன்புட் பக்கம் திரும்பி வரும் ஃபீட்பேக் ரெசிஸ்டரில் ஒரு கால் ஒட்டவில்லை, அல்லது இந்தத் தடவை உண்மையாகவே ஐசி போய்விட்டது.

நடுத்தரமாக, இருநூறு முந்நூறு மில்லி வோல்ட் வந்தால் ஃபீட்பேக்கில் கிரவுண்டுக்குப் போகும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். அது ஒழுகினால் டிசியும் சேர்ந்து பெருகும். இன்புட் ஷார்ட்டில் சரியாக இருந்து, டிவியையோ போனையோ மாட்டினதும் ஏறினால் அங்கிருந்து டிசி வருகிறது. இன்புட்டில் கண்டன்சர் இல்லாத கிட்டில் இது சகஜம். 2.2 மைக்ரோ ஃபாரட் பிளாஸ்டிக் கண்டன்சர் ஒன்று வரிசையில் போட்டால் தீர்ந்தது.

"சும்மா கிடக்கும்போதே இரையுது அண்ணாச்சி"

எனக்கு வருகிற போனில் பாதிக்கு மேல் இதுதான்.

இரைச்சலில் இரண்டு சாதி. ஒன்று தடித்த 'உம்ம்ம்', கோயில் மணி அடங்கும்போது கடைசியில் நிற்கிற மாதிரி. அது 50 ஹெர்ட்ஸ். மற்றது வண்டு போல 'கொர்ர்ர்'. அது 100 ஹெர்ட்ஸும் அதன் மேல் அடுக்குகளும். முதலாவது வெளியிலிருந்து, டிரான்ஸ்பார்மரிலிருந்து, அல்லது எர்த்திலிருந்து வரும். இரண்டாவது பிரிட்ஜும் கண்டன்சரும் சம்பந்தப்பட்ட கிரவுண்டு கோளாறு. காதை ஸ்பீக்கரில் வைத்து எது என்று தீர்மானித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது ஆர்.சி.ஏ. பிளக் (ஆடியோ ஒயரின் நுனியில் வருவது) இரண்டை எடுத்து, நடு முள்ளையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் செய்து இன்புட்டில் குத்துங்கள். இரைச்சல் போய்விட்டால் ஆம்ப் உத்தமன், குற்றம் வெளியே. போகவில்லை என்றால் உள்ளே.

வெளியே என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எங்கள் ஊரில் முதல் குற்றவாளி கேபிள் டிவி ஒயர். அதன் வெளிப்பின்னல் எங்கோ கம்பத்தில் எர்த் ஆகியிருக்கும். உங்கள் வீட்டு எர்த் வேறு இடம். இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஆம்ப் பாலமாகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து அந்தத் திருகு ஒயரைக் கழற்றினதும் இரைச்சல் நின்றால் சந்தேகமே இல்லை. ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று நடுவில் போடுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் நின்றாலும் இதே மருந்துதான்.

கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கொர்ர் என்றால் கிட்டைத் திறக்கவே வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டர். எந்த ஆம்பும் அதில் முனகும். ஃபேன் ரெகுலேட்டரை 2இலோ 3இலோ வைத்தால் மட்டும் கேட்டால் ரெகுலேட்டர். முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், போய்விடும். சித்திரையில் எப்படியும் முழு வேகம்தானே.

"மூணாவது பின்னை வெட்டிட்டா இரைச்சல் போயிருது" என்று சொல்லித்தருகிற நண்பர்கள் இருப்பார்கள். போகும்தான். டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷன் ஒருநாள் விட்டால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், அதைத் தொடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பெட்டி எர்த்தில் இருந்தே தீர வேண்டும். செய்ய வேண்டியது வேறு: எர்த் ஒயரைப் பெட்டிக்குத் தனி போல்ட்டில் இறுக்குங்கள். ஆம்பின் கிரவுண்டை நேராகப் பெட்டியில் சேர்க்காமல் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேருங்கள். அதற்குப் பக்கத்தில் இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்று: அதன் பிளஸ், மைனஸ் கால்களை ஒன்றாகக் கட்டிவிட்டு, ஏசி கால் ஒன்றை கிரவுண்டுக்கும் இன்னொன்றைப் பெட்டிக்கும் கொடுங்கள். சின்ன இரைச்சல் கரண்டு ரெசிஸ்டரில் தடைபடும். கோளாறு வந்தால் பெரிய கரண்டு பிரிட்ஜ் வழியாகப் பாய்ந்து ஃபியூஸை அடிக்கும். இரண்டும் வேண்டும்.

இனி உள்ளே. வால்யூமைத் திருப்புங்கள். இரைச்சல் கூடிக் குறைந்தால் வால்யூமுக்கு முன்னால். அசையாமல் நின்றால் பின்னால். நடுவில் மட்டும் அதிகமாகி இரு முனையிலும் குறைந்தால், வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்புக்கு கிரவுண்டு இல்லை. உடம்பை விரலால் தொட்டதும் அடங்கினால் உறுதி. ஒரு துண்டு ஒயர் போதும்.

அசையாமல் நிற்கிற கொர்ர்தான் படுத்தும். அம்பாசமுத்திரத்தில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று ராத்திரி இதோடு மல்லுக்கட்டினேன். கண்டன்சரை இரட்டிப்பாக்கினோம், போகவில்லை. ஷீல்டு ஒயர் மாற்றினோம், போகவில்லை. மூன்றாவது ராத்திரி அவருடைய அம்மா காபி வைத்துவிட்டு, "அந்தக் கருப்பு ஒயரெல்லாம் ஏன்யா ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கு" என்றார்கள். அங்கேதான் இருந்தது. இரண்டு பெரிய கண்டன்சருக்கும் நடுவே உள்ள கிரவுண்டு பட்டையில், டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் வந்து சேரும் இடத்திலேயே, இன்புட் கிரவுண்டும் சால்டர் ஆகியிருந்தது. பிரிட்ஜ் கண்டன்சரை நிரப்பும்போது வினாடிக்கு 100 தடவை பெரிய கரண்டு அந்தப் பட்டையில் பாய்கிறது. பட்டையின் நீளத்தில் சில மில்லி வோல்ட் விழும். அந்த மில்லி வோல்ட் இன்புட் கிரவுண்டில் ஏறினால் இருபது மடங்கு பெருகி ஸ்பீக்கரில் பாடும்.

மாற்றினது இவ்வளவுதான்: அந்தப் பட்டையிலிருந்து தடித்த ஒயர் ஒன்று இரண்டு அங்குலத்துக்கு வெளியே இழுத்து, அதன் நுனியில் ஒரு போல்ட்டு. ஸ்பீக்கர் கிரவுண்டு, போர்டு கிரவுண்டு, இன்புட் கிரவுண்டு எல்லாம் அந்த போல்ட்டில் வந்து சேரும். பட்டையில் வேறு எதுவும் தொடாது. ஆன் செய்தோம். ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் நண்பர் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

இன்னும் 50 ஹெர்ட்ஸ் மிச்சமிருந்தால் டோராய்டின் போல்ட்டைத் தளர்த்தி, அதை இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். சதுர டிரான்ஸ்பார்மர் என்றால் இன்புட்டிலிருந்து தள்ளி, திருப்பி வையுங்கள்.

ஒரு கடைசிச் சந்தேகம், இரட்டைச் சுற்று டோராய்டு (22 வோல்ட் சுற்று இரண்டும் தனித்தனியாக வருவது) வைத்தவர்களுக்கு. நடுவில் சேர்க்கும்போது ஒரு சுற்றின் முனையைத் தலைகீழாகச் சேர்த்துவிட்டால் ஃபியூஸ் போகாது, பல்பும் எரியாது, டிசியும் சரியாகத்தான் காட்டும். ஆனால் இரண்டு பக்கமும் அரை அலைதான் கிடைக்கும், சத்தம் கூட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரையும். இரு வெளி ஒயருக்கும் நடுவே ஏசி பாருங்கள். 44 வர வேண்டும். சுழியம் என்றால் ஒரு சுற்றைத் திருப்பிப் போடுங்கள்.

"பாட்டே போடல, ஆனா சுடுதுல்லா"

வெதுவெதுப்பு சகஜம். இந்த ஐசி சும்மா இருக்கும்போதே சுமார் 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். 60 வோல்டில் அது 3 வாட். கை வைக்க முடியாத சூடு என்றால் அலைவு, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் ஆம்ப் தானாகக் கத்திக்கொண்டிருக்கிறது. பிளஸ் சப்ளை ஒயரில் 10 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் போட்டு அதன்மேல் வோல்டேஜ் பாருங்கள்: அரை வோல்ட் என்றால் 50 மில்லி ஆம்பியர், சரி. ஒன்றரை, இரண்டு என்றால் சரியில்லை.

அலைவை நேராகக் காட்டும் ஆசிலாஸ்கோப் யார் வீட்டில் இருக்கிறது? வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு, 0.1 மைக்ரோ ஃபாரட்டோடு வரிசையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், 2.7 ஓம் அல்லது 10 ஓம். கரண்டை அணைத்து, கண்டன்சரை இறக்கிவிட்டு, உடனே அதைத் தொடுங்கள். சுட்டால், கருகியிருந்தால் அலைவுதான். சாதாரணப் பாட்டில் அந்த ரெசிஸ்டருக்கு வேலையே இல்லை. பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் பக்கத்தில் வைத்து, ஆம்பை ஆன் செய்ததும் ரேடியோவில் இரைச்சல் ஏறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

காரணம் மூன்றில் ஒன்று. ஐசி காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய 0.1 கண்டன்சர் தள்ளி இருக்கிறது. அதை போர்டின் அடியில் காலோடு காலாக சால்டர் செய்யுங்கள். அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு ஆம்பின் பெருக்கத்தை (கெயின்) குறைத்திருக்கிறீர்கள். இந்த ஐசி பத்து மடங்குக்குக் கீழே நிலைத்து நிற்காது. அல்லது ஸ்பீக்கர் ஒயரும் இன்புட் ஒயரும் ஒன்றாகக் கட்டிக் கிடக்கின்றன.

"நல்லாப் பாடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுட்டு. பொறவு தானா வருது"

ஐசியின் உள்ளே 165 டிகிரி வந்ததும் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், 155க்கு இறங்கினதும் திரும்ப வரும். பழுது இல்லை. சூடு வெளியே போக வழியில்லை.

30 வோல்ட் சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஓர் ஐசி அதிகபட்சமாக 23 வாட் வரை சூடாக்கும். 4 ஓமுக்கு 46. கிட்டோடு வருகிற உள்ளங்கை அளவு ஹீட் சிங்க், அறை 25 டிகிரியில் இருக்கும் ஊருக்குக் கணக்கிட்டது. பாளையங்கோட்டையில் மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், ஆம்ப் வேலை தொடங்குமுன்னே 38, 40. அந்த 15 டிகிரியை ஹீட் சிங்கில்தான் ஈடுகட்ட வேண்டும். ஒன்றரை மடங்கு பெரிதாக, செதில்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி, பெட்டிக்கு வெளியே. பேஸ்ட் மெல்லியதாக; இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற அளவு போதும், சட்னி மாதிரி அப்பக் கூடாது.

சத்தம் கூட்டினால் பேஸ் அடியில் மட்டும் 'படபட' என்று வெடித்தால் அதுவும் ஐசியின் பாதுகாப்புதான், கரண்டு எல்லை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு உயர்ந்த வோல்டேஜ் கொடுத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

சில்லறைக் கோளாறுகள்

ஒரு பக்கம் மட்டும் பாடினால் இன்புட் ஒயரை இடம் மாற்றுங்கள். கோளாறும் இடம் மாறினால் முன்னால், மாறாவிட்டால் பின்னால். ஆன் செய்யும்போது 'டொப்' என்றால் மியூட் காலில் உள்ள கண்டன்சர் சின்னது, அல்லது இல்லை. பேஸ் இல்லாமல் பாட்டு வெளிறிக் கேட்டால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பேட்டரி பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில் வைத்தால் கூம்பு முன்னால் வர வேண்டும். பாட்டுக்கு நடுவே மீடியம் வேவ் செய்தி கேட்டால் இன்புட்டில் 1 கிலோ ஓமும், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 220 பிக்கோ ஃபாரடும் போடுங்கள். என் பழைய ஆம்ப் ஒன்று மாநிலச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுத் தாத்தா அதைச் சரிபண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"ஒரு வருசம் நல்லா ஓடிச்சு, இப்ப திடீர்னு"

உவரி, இடிந்தகரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று. ஆர்.சி.ஏ. சாக்கெட், ரிலே முனை, வால்யூம் கன்ட்ரோல் மூன்றும் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துத் தடவை திருப்புங்கள். ரிலே என்றால் மாற்றிவிடுங்கள். போர்டின் அடியில் சால்டர் வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸைத் துடைத்துவிட்டு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்திருந்தால் இவ்வளவு வராது.

வயல் பக்கத்து வீடு என்றால் முதலில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். ஆம்ப் வெதுவெதுப்பாக இருக்கும், வெளிச்சத்துக்கு வரும் பூச்சி பக்கத்திலேயே கிடைக்கும்; பல்லிக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. அது பிரிட்ஜின் இரண்டு காலுக்கும் நடுவே படுத்தால் அதுவும் போகும், பிரிட்ஜும் போகும். சேரன்மகாதேவியில் ஒரே ஆம்பில் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். பிரிட்ஜின் காலுக்கெல்லாம் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, காற்று ஓட்டைக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டை ஒட்டினேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.